சில்லு சடை பின்னுமா? விடுமுறையில் வாசித்த நான்கு மாயக்கதைகள்



இந்தப் பள்ளி விடுமுறையில் நான்கு நாவல்கள் வாசித்தேன். இரண்டு தமிழில், இரண்டு ஆங்கிலத்தில். நான்கிலும் பேயோ மாயமோ விந்தையோ உண்டு. இலக்கியவாதிகள் இதை மிகுபுனைவு என்கிறார்கள். நம்ம பிள்ளைங்க ‘பேண்டசி’ என்பார்கள். நான் இங்கே மாயக்கதை என்றே எழுதுகிறேன். வாசித்ததில் எது பிடித்தது, எது உறுத்தியது, வகுப்பில் எதைக் கொடுக்கலாம் என்று உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். அதற்கு முன்னால், இந்த வாசிப்புக்கே காரணமான ஒரு சம்பவம்.

நான் கூலிம் வட்டாரத்தில் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் போதிக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாவோ அப்பாவோ ஹைடெக் பூங்காவில் வேலை செய்பவர்கள். சென்ற தவணையில் ‘தன்கதை’ எழுதச் சொன்னேன். ஒரு மாணவி ‘நான் ஒரு நுண்சில்லு’ என்று எழுதினாள். ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில் பிறந்தேன், என்னோடு ஆயிரம் உடன்பிறப்புகள், இப்படி. பாதியில் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. தலை முதல் கால்வரை வெள்ளை உடை போட்ட, கண்கள் மட்டும் தெரிகிற ஓர் அம்மாவை அந்தச் சில்லு பார்க்கிறது. நைட் சிஃப்ட். அம்மாவுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. பெட்டியில் அடைக்கும் முன்னே சில்லு தப்பித்து, அந்த அம்மாவோடு கம்பெனி பஸ்சில் ஏறி வீட்டுக்குப் போகிறது. விடிந்ததும் அம்மா அசந்து தூங்க, பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்குச் சில்லு சடை பின்னிவிடுகிறது.

நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். ‘சில்லு எப்படிச் சடை பின்னும்? முடிவு பொருத்தமில்லை’ என்று எழுதினேன். புள்ளியும் குறைத்தேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து கேட்டாள்: “டீச்சர், சில்லு பேசலாம், சடை பின்னக் கூடாதா?”

என்னிடம் பதில் இல்லை. “போய் உட்காரும்மா” என்றேன்.

நம் பள்ளித் தன்கதையை நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேனாவோ காலணியோ மிதிவண்டியோ, எதுவானாலும் ஒரே வாழ்க்கை. எங்கோ ஒரு நாட்டில் தயாரிக்கப்படும், கப்பலில் வரும், கடையில் தொங்கும், ஒருவர் வாங்குவார், சில காலம் கொஞ்சுவார், பழசானதும் குப்பைத்தொட்டி. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. ஆனால் அந்தத் தேர்வுக்காக நாம் போட்ட தடம் இன்னும் அழியவில்லை. இதில் பொருளுக்கு வாய் உண்டு, விருப்பம் கிடையாது. எல்லாம் அதற்கு நடக்கும். அது எதையும் செய்யாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இப்படியே எழுது என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மாயக்கதையில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நான்கு நூல்களையும் எடுத்தேன்.

முதல் நூல், நம் நாட்டு எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் எழுதிய ‘தி கேர்ல் அண்ட் தி கோஸ்ட்’ (2020). ஆங்கிலத்தில் இருந்தாலும் கதை முழுக்க நம்ம ஊர் மண். சுராயா என்ற சிறுமிக்கு, சூனியக்காரியான பாட்டி இறந்ததும் ஒரு பெலெசிட் சொத்தாக வந்து சேர்கிறது. பெலெசிட் என்றால் என்ன என்று கம்போங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்கிளி வடிவில் வரும், எசமானின் ரத்தத்துக்குக் கட்டுப்பட்ட ஏவல் பேய். இதில் சுராயா அதற்கு ‘பிங்க்’ என்று பெயர் வைத்துக் கூட்டாளியாக்கிக் கொள்கிறாள். அவளுக்கு வேறு துணை இல்லை. அம்மா கண்டிப்பானவர், மனம்விட்டுப் பேசாதவர். பள்ளியிலோ சக மாணவிகளின் தொல்லை.

கதையின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? சுராயாவுக்கு ஜிங் வேய் என்ற தோழி கிடைத்த பிறகு. பேய்க்குப் பொறாமை வந்துவிடுகிறது! நேற்றுவரை காவலாக இருந்தது இன்று கொடுமை செய்கிறது. பேய் என்பதால் வந்த கொடுமை என்று தோன்றாது. அன்பு உடைமையாக மாறினால் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. முதல், இரண்டாம் படிவப் பிள்ளைகளின் நட்புச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். “நீ அவகூட சேர்ந்தா என்கூடப் பேசாத” என்று சொல்லாத பிள்ளை உண்டா?

இந்த நாவலில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. பிங்க் நினைத்ததெல்லாம் செய்துவிட முடியாது. அதற்குக் கட்டு உண்டு, சொல்லை மீறினால் விளைவு உண்டு. சுராயா எடுக்கும் முடிவுகளுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கடைசியில் அவளேதான் கொடுக்கிறாள்.  குறையும் சொல்ல வேண்டும். பிற்பகுதியில் பேய் பிடிக்க வரும் பாவாங் பாத்திரம் கொஞ்சம் சினிமா வில்லன் மாதிரி. முன்பாதியின் நுணுக்கம் அவரிடம் இல்லை.

இதை வாசிக்கும்போது உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நினைவுக்கு வந்தது. அங்கே கெட் என்ற இளைஞன் ஆணவத்தால் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். பிறகு அது அவனைத் துரத்துகிறது. கடைசியில் அவனே திரும்பி அதைத் துரத்தி எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு கதைகளுக்கும் ஐம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. சட்டம் ஒன்றுதான்: மாயத்துக்கு விலை உண்டு, அதைச் செய்தவரே கட்ட வேண்டும்.

அடுத்து ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்து பிறகு நூலானது. இமயமலையில் பனிமனிதனின் காலடித் தடத்தைத் தேடி ராணுவ அதிகாரி பாண்டியன், விஞ்ஞானி டாக்டர் திவாகர், மலைச் சிறுவன் கிம் ஆகியோர் போகிறார்கள். பனி, பள்ளம், ஆபத்து என்று பயணம் விறுவிறுப்பு. தமிழில் ஒரு பிள்ளையைப் புத்தகத்தோடு கட்டிப்போடக்கூடிய சாகசக் கதை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். பரிணாமம் பற்றியும் பௌத்தம் பற்றியும் நிறைய பேசுகிறது. மனித இனம் வேறு ஒரு பாதையில் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை, பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் துணிந்து கேட்கிறது.

ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது. ஒருவர் கேட்க, இன்னொருவர் விளக்க, நமக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிடுகிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருந்தது. என் மாணவன் ஒருவன் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டு, “பனி சரியிற இடம்தான் டீச்சர் சூப்பர்” என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை.

மூன்றாவது, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023-ஆம் ஆண்டின் சாகித்திய அகாடமி பால புரஸ்கார் விருது பெற்ற இளையோர் நாவல். இன்றைய சிறுவன் ஒருவன் கீழடியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். ஆதன் என்பது கீழடிப் பானை ஓடுகளிலேயே கிடைத்த பெயர். மண்ணுக்குள் கிடந்த ஒரு பெயருக்குக் கையும் காலும் கொடுத்து, விளையாட வைத்திருக்கிறார் ஆசிரியர். அந்த எண்ணமே அழகு. சிறிய நூல், எளிய மொழி. ஐந்தாம் ஆண்டிலிருந்தே கொடுக்கலாம். வரலாற்றைச் சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் சில இடங்களில் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. அந்த இரு சிறுவர்களும் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம், தப்பு செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் என் முக்கியமான கருத்து. நம் தமிழ் இளையோர் நூல்களில் கற்பனைக்குப் பஞ்சம் இல்லை. பிள்ளை தானே முடிவெடுத்து, தானே தப்பு செய்து, தானே அதன் விலையைக் கட்டும் இடங்கள்தான் குறைவு. பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘நீலம்’ வாசிப்புப் பதிவில் ‘இக்கதையின் படிப்பினை என்ன?’ என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, படிப்பினை கையில் கிடைக்கிற கதைகளையே தேட வைத்தவர்கள் நாம்தானே?

நான்காவது நூல் மாணவர்களுக்கானதில்லை, உங்களுக்கானது. ஸென் சோ எழுதிய ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021). வன்முறையும் பெரியவர்களுக்கான விஷயங்களும் உண்டு, ஆகவே பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டாம். அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ் என்ற இளம்பெண் பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். செத்துப்போன பாட்டியின் குரல் அவள் தலைக்குள் பேச ஆரம்பிக்கிறது. பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியவர். அந்தத் தெய்வத்தின் சிறிய கோயில் இருக்கும் நிலம் ஒரு மேம்பாட்டாளர் கைக்குப் போகிறது. பாட்டிக்கு அவர் மேல் தீராத கோபம்.

பாட்டி பேசும் பேச்சு இருக்கிறதே, அப்படியே நம்ம ஊர்க் கிழவி! திட்டுவாள், அதட்டுவாள், பாதி உண்மையை மறைப்பாள். சிரித்துக்கொண்டே வாசித்தேன். ஆனால் அந்தக் கோயில் வந்த பக்கங்களில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று உங்களுக்கே தெரியும். கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது, நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. இன்டெல், இன்பினியன் என்று உலகப் பெயர்களெல்லாம் இன்று அங்கே. அதைச் சுற்றி, பாடாங் செராய் தொடங்கி லூனாஸ், பாடாங் மேஹா, டப்ளின் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரமும் செம்பனையும் லயமும் இருந்த ஊர்கள். லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமானில் வளர்கிறார்கள். முனியாண்டி சாமி மரத்தடியில் இருந்ததையும், ராத்திரியில் குதிரைச் சத்தம் கேட்டதையும் சொல்லத் தெரிந்த பாட்டிமார் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். தோட்டம் போனபோது அந்தச் சாமி எங்கே போனார் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேடிப் போகிற நாவல் தமிழில் வந்தால் எப்படி இருக்கும்! பினாங்குச் சீனப் பாட்டிக்கு ஒரு நாவல் கிடைத்துவிட்டது. கெடா தோட்டத்துப் பாட்டி இன்னும் காத்திருக்கிறாள்.

கெடாவில் இதற்கு ஆளில்லை என்று சொல்ல வரவில்லை. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த கே. பாலமுருகன், நம்மைப் போல் ஓர் ஆசிரியர், ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சிறுவர் மர்ம நாவல்களை எழுதிக் காட்டியிருக்கிறார். தொடக்கம் இருக்கிறது. அதை வாங்கி வாசித்துப் பேசும் வேலை நம்முடையது.

வகுப்பில் என்ன செய்யலாம்? நான் இந்தத் தவணையில் ஒரே ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். கதை வாசித்த பிறகு ‘படிப்பினை என்ன?’ என்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கப் போகிறேன். இந்தக் கதையில் மாயத்துக்கு என்ன சட்டம்? அந்தச் சட்டத்தை யாராவது மீறினார்களா? அதற்கு யார், என்ன விலை கொடுத்தார்கள்? இதே மூன்று கேள்விகளைத் தன்கதை எழுதும் முன்னும் கேட்கலாம். ‘நீ ஒரு பேனாவானால் உனக்கு என்ன வேண்டும்?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்த்தால், குப்பைத்தொட்டிக்குப் போகாத பேனாக்கள் சில கிடைக்கலாம். நீங்களும் செய்து பார்த்து என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. நான்கு நூல்களையும் முடித்தபின் அந்த மாணவியின் கட்டுரையைப் படம் பிடித்து வைத்திருந்தது நினைவுக்கு வந்து, திரும்ப எடுத்து வாசித்தேன். என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, முதல் தடவை நான் சரியாக வாசிக்காத இரண்டு வரிகள் இருந்தன. வெளியே வந்ததால் தன்மேல் தூசி பட்டுவிட்டது, இனித் தன்னால் எந்தக் கணினியிலும் வேலை செய்ய முடியாது, பரவாயில்லை என்று அந்தச் சில்லு சொல்கிறது. தூசி பட்டால் சில்லு வீணாகிவிடும் என்று அவள் அம்மா வீட்டில் சொல்லியிருப்பார் போல.

சட்டம் இருந்தது. மீறல் இருந்தது. விலையும் கொடுத்திருந்தாள். நான்தான் பார்க்கவில்லை.

பள்ளி திறந்ததும் அவளைக் கூப்பிட்டு, “சடை பின்னலாம்மா” என்று சொல்ல வேண்டும். குறைத்த புள்ளியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.