சத்தம் என்னும் கடிவாளம்

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். போன கோடையில் சென்னையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஹாலில் என் கம்ப்யூட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக் கதவுக்குள் கிராபிக்ஸ் கார்டு நீலமும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஃபேன்களும் அசையவில்லை.

“ஏன்டா, ஃபேன் ஓடலையே, கெட்டுப்போச்சா?”

“கெடலப்பா. வேலை இல்லாதப்ப தானா நின்னுடும். அதுக்குத்தான் கூடுதல் காசு குடுத்து வாங்கினேன்.”

“ஓடாதப்ப எதுக்கு லைட்டு எரியுது?”

என்னிடம் பதில் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் கூலர் இருபது வருஷமாக இரண்டு திசையில் வளர்ந்திருக்கிறது. ஒன்று அமைதி, இன்னொன்று பகட்டு. காதிலிருந்து மறைய மறைய, கண்ணுக்கு அதிகமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

2003இல் என்விடியா ஜிஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவைக் கொண்டுவந்தது. அதன் சின்ன ஊதுவிசிறி எழுப்பிய இரைச்சலை விமர்சகர்கள் தூசு உறிஞ்சும் மெஷினோடு ஒப்பிட்டுக் கிழித்தார்கள். கடைசியில் என்விடியாவே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தது. அதே வருஷம் வந்த 5900 அல்ட்ரா அடக்கமான கூலரோடு வந்தது. 2010இல் ஜி.டி.எக்ஸ். 480, 250 வாட். சூடு, சத்தம் இரண்டுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த வருஷக் கடைசியிலேயே 580 நீராவி அறை வைத்த கூலரோடு, ஏறக்குறைய அதே வாட்டில், அமைதியாக வந்தது. 2013இல் ஏ.எம்.டி.யின் ஆர்9 290எக்ஸ் 95 டிகிரியில் ஓடுவதையே இயல்பு என்று வைத்துக்கொண்டது. அதன் சத்தத்துக்கும் அதே அடிதான். 2015இல் வந்த ஃப்யூரி எக்ஸ் திரவக் குளிர்விப்போடு வந்தது.

மூன்று கதையிலும் ஒரே ஒழுங்கு: சத்தம் கேட்டது, அவமானம் வந்தது, வடிவமைப்பு திருந்தியது. சத்தம் கடிவாளமாக இருந்தது.

அமைதியை எப்படிச் சாதித்தார்கள்? இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும். அதற்குப் பதிலாக அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் 3 டெசிபல்தான் ஏறும். ஆக, பெரிய ஃபேன், நிறைய ஃபேன், மெதுவான சுழற்சி. கீழே அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள். சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோக மூடிய செம்புக் குழாய்கள். உள்ளே இருக்கும் துளித் திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரும்பத் திரவமாகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்பி வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை.

இதில் எனக்கு உண்மையாகவே பிடித்த வடிவமைப்பு 2020இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080இன் என்விடியா பதிப்பு. சர்க்யூட் போர்டைக் குட்டையாக்கி, கார்டின் ஒரு பாதியில் காற்று நேராக ஊடுருவிப் போகிற மாதிரி செய்தார்கள். 2025இன் 5090இல் போர்டை நடுவில் சுருக்கி வைத்து, இரண்டு பக்கமும் காற்று ஊடுருவ விட்டார்கள். இங்கே அழகு மேலே ஒட்டப்பட்டதல்ல, காற்றின் பாதையே உருவமாகிவிட்டது.

பகட்டின் கதை வேறு. 2012இன் ஜி.டி.எக்ஸ். 690 உலோக உறையும், உள்ளே தகடுகள் தெரியும் ஜன்னலும், ஒளிரும் பெயருமாக வந்தது. அதில் ஒரு கம்பீரம் இருந்தது. பிறகு ஆர்.ஜி.பி. விளக்கு வந்தது. விளக்கைக் காட்ட கேபினெட்டுக்குக் கண்ணாடி வேண்டும். முன்பக்கத்தையும் கண்ணாடியால் அடைத்தால் காற்று நுழைய வழி குறையும். காற்று குறைந்தால் ஃபேன் வேகம் கூடும். வேகம் கூடினால் சத்தம். அமைதிக்குக் காசு கொடுத்தவன், விளக்குக்கும் காசு கொடுத்து, அந்த அமைதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நானும் அப்படிக் கொடுத்தவன்தான். 2021இல் ஏசுஸும் நாக்டுவாவும் சேர்ந்து, பழுப்பு நிற ஃபேனோடு தடிமனான ஒரு 3070 கார்டைக் கொண்டுவந்தபோது அசிங்கம் என்று சிரித்திருக்கிறேன். இப்போது அதுதான் நேர்மையான கார்டாகத் தெரிகிறது.

ஆனால் என் பெரிய புகார் விளக்கு பற்றியதல்ல. உச்ச கார்டுகளின் வாட்டைப் பாருங்கள். 2010இல் 250. 2020இல் 3090க்கு 350. 2022இல் 4090க்கு 450. 2025இல் 5090க்கு 575. கூலர் நல்லதாக ஆக ஆக, அது கொடுத்த இடத்தையெல்லாம் சிப் எடுத்துக்கொண்டது. 450 வாட் கார்டு 290எக்ஸின் கூலரோடு வந்திருந்தால் யாரும் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். அமைதியாக வந்ததால் பொறுத்தோம். கடிவாளம் கழன்றது நமக்குக் கேட்கவே இல்லை.

‘ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வேலையும் பல மடங்கு கூடியிருக்கே?’ என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அறைக்குள் வந்து சேர்வது விகிதம் இல்லை, மொத்தச் சூடு. கூலர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சிப்பிலிருந்து தகடு, தகடிலிருந்து காற்று, காற்றிலிருந்து என் ஹால். மே மாசச் சென்னையில் அதை வெளியே தள்ள ஏ.சி. ஓட வேண்டும். அதன் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக இரைகிறது. நான் வாங்கிய அமைதியின் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது.

சத்தத்தைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. அப்பா மெஷின் பக்கத்தில் நின்று கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அதே மில்தான் அவருடைய இடது காதையும் மந்தமாக்கியது. பழைய இரைச்சல் திரும்ப வேண்டாம். கிடைத்த அமைதியை வாட்டாக மாற்றிச் செலவழிக்காதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. என் கார்டின் மின்வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கினேன். விளையாட்டில் வேகம் கொஞ்சம் குறைந்தது. விளையாடும்போது எனக்கு அது தெரியவே இல்லை. வாங்கிய அன்றே ஏன் இப்படி வரவில்லை என்றால், போட்டிக் கம்பெனியின் வரைபடக் கோட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. டெசிபல் அட்டவணையின் பக்கத்திலேயே வாட்டையும், சோதித்த அறையின் வெப்பநிலையையும் பெரிய எழுத்தில் போடுங்கள். 22 டிகிரி அறையில் கிடைத்த அமைதி 35 டிகிரி அறையில் கிடைக்காது.

அன்றைக்கு ராத்திரி நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, கேபினெட்டின் பின்பக்கம் கையை நீட்டிப் பார்த்தார், மில்லில் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

“சத்தமே இல்ல. ஆனா நல்லா சுடுதேடா” என்றார்.