திராவகம் என்னும் திரை

பெயர், பொருளைக் காட்டும் விளக்கா? மறைக்கும் திரையா? நம் பழைய வேதியியற் சொற்களை இக்கேள்வியால் உரசிப் பார்ப்போம்.

மயில்துத்தம், பால்துத்தம், அன்னபேதி! முன்னிரண்டும் நிறத்தால் பெயர் பெற்றவை. மூன்றாவது அயலார்போல் தனித்து நிற்கிறது. ஆயினும் செம்பு, துத்தநாகம், இரும்பு ஆகியவற்றிலிருந்து கந்தக அமிலத்தால் விளைந்த உடன்பிறப்புகளே இம்மூன்றும். உறவைப் பெயர் மறைத்தது. மறைவிலே மருந்து விற்றவன் மாயக்காரனானான்!

'திராவகம்' நீர்மத்தைச் சுட்டும்; புளிப்பைச் சுட்டாது. 'உப்புத் திராவகம்' பிறப்பைச் சொல்லிற்று, பண்பைச் சொல்லவில்லை. மேலைநாட்டாரும் அதனை 'உப்பின் ஆவி' என்றே அழைத்திருந்தனர். 1787இல் இலவாசியேயும் தோழர்களும் புதிய பெயர்முறை வகுத்தனர். ஆக்சிஜனே அமிலங்களின் தாய் என்றார் இலவாசியே. உப்பமிலத்தில் ஆக்சிஜன் இல்லையென 1810இல் டேவி நிறுவினார். ஆசான் சொன்னதாயினும் ஆய்வே வென்றது, அதுவன்றோ பகுத்தறிவு!

தமிழுக்கு இது இயலாதா? யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீனின் முயற்சியால் 1875இலேயே 'கெமிஸ்தம்' வெளிவந்தது. அமிலமும் காரமும் கூடிப் பிறப்பதனைத்தையும் இன்று 'உப்பு' என்கிறோம். அடுப்பங்கரைச் சொல் அறிவியற் சொல்லாயிற்று. இதுவே சீரிய சொல்லாக்கம்.

பழம்பெயர்களைப் புதைக்க வேண்டா. அருகிலேயே அவற்றின் இயல்பையும் எழுதுக. கோடியக்கரை உப்பளப் பாத்தியில் உப்பு வாரியபின் எஞ்சும் நீர் கசக்கும். அக்கசப்பு மெக்னீசிய உப்புகளால் வருவதென்று பாடநூல் தொழிலாளியின் பிள்ளைக்கு அவன் மொழியிலே கூறட்டும். நாவறிந்ததை நூலும் சொன்னால், திரை தானே விழும்!