இரும்புக் கார்பைடு நிலைக்காந்தம் ஆகுமா?

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், மேல்சிறுவளூரில் கிடைத்த மூசை ஓடுகளை வைத்து அது உருக்கு வடித்த ஊர் என்று 1994-ல் எழுதினார் தொல்லுலோகவியலர் சாரதா சீனிவாசன். அவ்வகை உருக்குக்குக் கடினம் தருவது சிமென்டைட்: மூன்று இரும்பணுவுக்கு ஒரு கார்பன் அணு. அந்தக் கார்பைடும் அதன் இனங்களும் அருமண் தனிமமான நியோடிமியத்தால் செய்யும் காந்தத்துக்கு மாற்றாகுமா என்று இன்று கணினியில் பார்க்கிறார்கள். தேவை பொய்யல்ல. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நம் வாகன ஆலைகள் கலங்கின.

ஆனால் காந்த வலு மட்டும் போதாது. அது திசை மாறாமல் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் இருக்கும் சாதாரண ஃபெரைட்டுக்குத் திசையைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 0.3 மெகாஜூல். சிமென்டைட்டுக்கும் ஏறத்தாழ அதேதான். இருந்தும் ஃபெரைட் காந்தமாக நிலைக்கிறது, சிமென்டைட் நிலைக்காது. சிமென்டைட்டில் போலக் காந்தமாக்கம் பெருகினால் அதைத் தாங்கும் பிடிப்பும் பெருக வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிடும் கடினக் குறியெண் 1-ஐத் தாண்டினால்தான் எந்த வடிவிலும் நிலைக்காந்தம் செய்யலாம். ஃபெரைட் தாண்டுகிறது, சிமென்டைட் பாதியோடு நின்றுவிடுகிறது.

கார்பன் சேர்ந்த மற்ற இரும்புக் கலவைகளுக்கு வருவோம். இரும்பு-கோபால்ட் படிகத்தை ஒரு திசையில் நீட்டினால் பிடிப்பு பன்மடங்காகும் என்று உப்சாலா ஆய்வாளர்கள் 2004-ல் கணித்தார்கள். அதற்கு 20 விழுக்காட்டுக்கு மேல் நீட்ட வேண்டும். கார்பனைப் புகுத்தி நீட்சியை நிலைநிறுத்தலாம் என்றது 2014-ன் கணிப்பு. கிடைக்கும் பிடிப்பு 0.75 மெகாஜூல். அதே ஆண்டு ஜெர்மனியில் படலமாக வளர்த்தபோது நீட்சி சுமார் 3 விழுக்காடு, பிடிப்பு 0.4-ஐச் சற்றே தாண்டியது. கார்பன் படிகத்தை நீட்டும் என்ற கணிப்பு பலித்தது. அதைக் கணினியின் வெற்றியாகவே மதிக்கிறேன். பிடிப்பைக் கணிக்க அணுவுக்கு மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் அளவில் ஆற்றல் வேறுபாட்டைத் தேடுவது, யானையை இருமுறை நிறுத்து அதன் முதுகில் உட்கார்ந்த ஈயின் எடையைச் சொல்வதற்குச் சமம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 2 டெஸ்லா காந்தமாக்கம் உள்ள இப்பொருளுக்கு, கணித்த 0.75-ஐயே வைத்தாலும் குறியெண் சுமார் அரைதான். நியோடிமியக் காந்தத்தின் பிடிப்போ 5 மெகாஜூலை நெருங்குகிறது. மேலும் இக்கணக்குகள் பெரும்பாலும் சுழி கெல்வினுக்கானவை; சிமென்டைட் சுமார் 210 டிகிரி செல்சியஸிலேயே காந்தத்தை இழக்கிறது, மோட்டாரோ சூட்டில் ஓடுவது.

எனவே மின்வாகன மோட்டாரில் நியோடிமியத்தின் இடத்துக்கு இரும்புக் கார்பைடு தகுதி பெறவில்லை. இத்துறையில் கணிக்கும் நம் மாணவர்கள் அறை வெப்பநிலைக் குறியெண்ணைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே தர வேண்டும். 1-ஐ எட்டாத பொருளை நிலைக்காந்தம் என்று தலைப்பில் எழுதக் கூடாது.