தெருக்குறளும் பெயருரிமையும்

இலக்கியம் ஏட்டில் பிறந்து ஏட்டிலேயே வாழ்வது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அரபு இலக்கியத்தையோ தமிழ் இலக்கியத்தையோ முறையாகப் பயின்றவர் அவ்வாறு எண்ண இயலாது. பண்டைய அரபுக் கஸீதாக்கள் வாயில் பிறந்து, செவிவழி நடந்து, பல தலைமுறை கழிந்த பின்னரே ஏட்டை அடைந்தன. நம் முஸ்லிம் புலவர்கள் இயற்றிய படைப்போர், கிஸ்ஸா, முனாஜாத்து முதலியனவும் கூட்டத்தின் நடுவே பாடிக் கேட்கப்பட்டவையே. தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் பாடிச் சென்ற பக்கீர்மார்களை முதியோர் பலரும் அறிவர். ஆகவே, இன்றைய இளைஞர் செவியில் ஓயாது ஒலிக்கும் ‘ராப்’ என்னும் பாட்டு வகையை இரைச்சல் என்று ஒதுக்கிவிடுவது கற்றோர்க்கு அழகன்று. கவிதையை நிறுக்கும் தராசிலேயே அதனையும் வைத்து நிறுத்தல் வேண்டும். அந்நோக்கத்துடன், ‘தெருக்குறள்’ அறிவு என்று அறியப்படும் கவிஞரின் கலைவாழ்வை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் இக்கலையின் பிறப்பைச் சிறிது கூறுவோம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்னும் ஜமைக்க இளைஞர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கூறுவர். இசைத்தட்டுகளில் பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை அவர் மீண்டும் மீண்டும் ஓடவிட்டார். அத்தாளத்தின்மேல் சொற்களை அடுக்கிப் பேசும் வழக்கம் வளர்ந்து ராப் ஆயிற்று. வறுமையில் வாடிய கறுப்பின மக்களும் குடியேறிகளும் இதனைத் தம் நாவாகக் கொண்டனர்.

தமிழில் இதற்கு வலுவான அடித்தளம் மலேசியாவில் அமைந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழ்ச் சொல் இத்தாளத்திற்கு இசையுமோ என்ற ஐயத்தைப் போக்கிற்று. நம் கொங்கு நாட்டில் கோவையைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி 2011இல் ‘கிளப்புல மப்புல’ என்னும் பாடலால் புகழ் பெற்றார். பின்னர் அவர் திரையிசை அமைப்பாளராகவும் நடிகராகவும் உயர்ந்தமை யாவரும் அறிந்ததே. அப்பாடல் மதுவருந்தும் இளம்பெண்ணை நோக்கிப் பண்பாட்டு அறிவுரை கூறுவது. வசை என்பது எளியவரை நோக்கிச் செல்லும்போது அதற்குத் துணிவு வேண்டுவதில்லை. வலியவரை நோக்கித் திரும்பும்போதுதான் பாடுவோனின் உரம் சோதனைக்கு உள்ளாகிறது. அறிவின் பாடல்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையின என்பதே அவரை நாம் தேர்ந்தமைக்கு முதற்காரணம்.

அரக்கோணம் பகுதியைச் சேர்ந்த அறிவு, நிலமற்ற உழைப்பாளர் மரபில் வந்தவர். 2018ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு அவரை உலகிற்கு அறிமுகப்படுத்திற்று. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழு, பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து தன் பெயரைக் கொண்டது. கானாவும் பறையும் ராப்பும் அங்கே ஒரே மேடையில் அமர்ந்தன. அதே ஆண்டில் ‘காலா’ திரைப்படத்திற்கும் அறிவு பாடல் எழுதினார்.

எனினும் அவருடைய தனித்தன்மை துலங்கியது, 2019இல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் இணைந்து வெளியிட்ட ‘தெருக்குறள்’ தொகுப்பில்தான். திரைப்படத்தின் துணையோ பெரிய நிறுவனத்தின் முதலோ இன்றி வெளிவந்தது அது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த இளம்பெண் ஒருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் அதில் உண்டு. கையறுநிலை என்று நம் இலக்கணம் வகுத்த துறை புதிய தாளத்தில் மறுபடி உயிர்த்தெழுந்ததற்கு அதனைச் சான்றாகக் காட்டலாம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய பின், அதனை எதிர்த்து ‘சண்ட செய்வோம்’ என்னும் பாடலையும் இவ்விருவர் வெளியிட்டனர். நம் சமுதாயம் கலங்கி நின்ற வேளையில், நம்மவர் அல்லாத ஒரு கவிஞர் அதனைத் தம் வழக்காகவே கொண்டு பாடினார். இதை நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

ஆனால் நன்றி வேறு, திறனாய்வு வேறு. பாட்டாக அவை தேறுமா என்பதே நம் கேள்வி.

ராப்பின் யாப்பைத் தமிழ் கற்றோர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நான்கு தட்டுக் கொண்ட ஒரு சுற்றை ஓரடி எனக் கொண்டால், அத்தகைய பதினாறு அடிகள் சேர்ந்து ஒரு பாட்டுறுப்பு ஆவது பெருவழக்கு. தாளம் மாறாது நிற்க, அதன்மேல் அசைகளை நெருக்கியும் நெகிழ்த்தியும் கவிஞன் செல்வான். அடியிறுதியில் ஒலி ஒத்து வருதலை நாம் இயைபு என்போம். அரபியர் காஃபியா என்பர். ஆங்கில ராப் இவ்வொன்றையே பெரிதும் நம்பி நிற்பது. தமிழுக்கோ அடிமுதலில் வரும் மோனையும், இரண்டாம் எழுத்தில் வரும் எதுகையும் மேலதிகச் செல்வம். இறுதியில் இயைபைக் கட்டிவிட்டு முதலில் எதுகையை மறந்துவிடும் இளங்கவிஞர் பலர். அவர்களிடம் சொல் தமிழாயினும் ஓசை இறக்குமதியே. அறிவு இரு முனையையும் காப்பவர். அடிமுதலில் எதுகை தாளத்தை அறைந்து தொடங்க, இறுதியில் இயைபு அதனை முடித்துவைக்கிறது. காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் நபித் திருப்புகழில் சந்தத்தின் சுவையறிந்த செவிக்கு இக்கட்டு அந்நியமாகத் தோன்றாது.

மற்றொன்று குறில் நெடில் வேறுபாடு. தமிழில் மாத்திரை மாறினால் பொருளே மாறிவிடும். வேகத்திற்காக நெடிலைக் குறிலாக்கி விழுங்குவோர் பொருளையும் சேர்த்து விழுங்குகின்றனர். அறிவின் விரைவான பகுதிகளிலும் நெடில் நெடிலாகவே நிற்பதை ஊன்றிக் கேட்போர் உணர்வர். வட ஆர்க்காட்டுப் பேச்சின் வல்லோசை அவருடைய தாளத்திற்குத் துணையாகின்றது.

பொருள் வகையில் அவருக்கு அரபு இலக்கியத்தில் ஓர் ஒப்புமை காண்கிறோம். உமையாக்கள் காலத்தில் பஸரா நகரின் மிர்பத் சந்தையில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் பல்லாண்டு காலம் வசைப்போர் புரிந்தனர். நகாயிள் எனப்படும் அவ்வகையின் விதி யாதெனில், எதிரி பாடிய அதே யாப்பிலும் அதே காஃபியாவிலும் விடை கூறவேண்டும். எதிரியின் கருவியைப் பறித்து அதனாலேயே அவனை வெல்வதுதான் அதன் நுட்பம். ‘தெருக்குறள்’ தொகுப்பில் ‘ஆன்ட்டி இந்தியன்’ என்னும் பாடல் இவ்விதிக்கு நெருங்கி நிற்பது. பழியாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாகச் சூடிக்கொண்டு விடை தொடங்குகிறது. நம் காளமேகப் புலவரும் இவ்வித்தையை அறிந்தவரே.

குறைகளையும் கூறாவிடின் இது திறனாய்வு ஆகாது. சில பாடல்களில் கருத்துகள் முழக்கங்களாய் வரிசையில் நிற்கின்றன; ஒன்றிலிருந்து மற்றொன்று முளைப்பதில்லை. மேடைப்பேச்சின் கைத்தட்டல் கவிதைக்கு நஞ்சு. மேலும், திரைப்படத்திற்குள் நுழைந்ததும் கவிஞனின் சினம் கூலிக்கு அமர்த்தப்படுகிறது. 2021இல் வெளியான ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ பாடலில் அவர் நாவன்மை குன்றவில்லை. ஆயினும் அது ஒரு கதாநாயகரின் வருகைக்கு முழங்கும் முரசு. அதில் பாடுவோனுக்குச் சொந்த வழக்கு ஏதுமில்லை. உடுமலை வட்டாரத்தில் 1899இல் பிறந்து நாடகத்தால் வளர்ந்த நாராயண கவி, திரைக்கு எழுதியபோதும் தம் சீர்திருத்தக் கருத்தைக் கதைக்குள் கொண்டு சேர்த்தார். அத்தகைய வாய்ப்பை இற்றைத் திரையுலகம் அறிவுக்கு அரிதாகவே தருகிறது.

இனி அவருடைய புகழின் உச்சிக்கும், அதனோடு பிறந்த வழக்கிற்கும் வருவோம். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பல கோடி முறை கேட்கப்பட்டது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், ஏ. ஆர். ரகுமான் ஆதரவு பெற்ற ‘மாஜா’ தளத்தின் வழியே, தீயும் அறிவும் பாடி வெளிவந்த பாடல் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, வெறுங்கையோடு தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வும் வாய்மொழியும் அதன் வேர் என்று அறிவு கூறியிருக்கிறார். ஒப்பாரியின் இழுப்பும் நடவுப் பாட்டின் துள்ளலும் அதில் கலந்துள்ளன.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களைக் கேட்டு அம்முடிவு எடுக்கப்படவில்லை. மடத்துக்குளத்திலிருந்து தெற்கே தெரியும் மலைத்தொடரிலும் தேயிலை விளைகிறது. அதன் கொழுந்தைக் கிள்ளுவோர் வரலாறும் இதற்கு அயலன்று. இத்துணைப் பெரிய துயரத்தைத் தமிழ் ஏட்டிலக்கியம் ஒரு மூலையில் வைத்தது. ஒரு பேரன் அதனை உலகின் செவியில் சேர்த்தான்.

ஆனால் அப்பாடலின் பெயருரிமை சிக்கலாயிற்று. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ், ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய பாடல்களைப் போற்றிய அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் பதித்தது. இரு பாடல்களுக்கும் சொல் தந்த அறிவு அதில் இல்லை. பா. ரஞ்சித் கண்டித்த பின்னர் அறிவின் உருவோடு இணைய அட்டையொன்று வந்தது. 2022 சூலை 28இல் சென்னையில் தொடங்கிய சதுரங்க ஒலிம்பியாட் விழாவில் அவரின்றியே அப்பாடல் ஒலித்தது. பாடலை இயற்றியவரும் எழுதியவரும் பாடியவரும் தாமே என அறிவு அறிக்கை விடுத்தார். அது மூவரின் கூட்டுப்படைப்பு என்றும், அவர் அச்சமயம் அமெரிக்காவில் இருந்தார் என்றும் இசையமைப்பாளர் தரப்பு விளக்கியது. பின்னர் 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகக் கூறினார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் காழி அல்லோம். ஆனால் இதனை அணுக நம் கல்வி ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. பண்டை அரபுக் கவிஞன் ஒவ்வொருவனுக்கும் ஒரு ராவி உண்டு. அவன் கவியை மனனம் செய்து, கவிஞனின் பெயரோடு ஊரெங்கும் சொல்வான். அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவி ஸுஹைர். ஸுஹைரின் ராவி ஹுதைஆ. ராவியாய் இருந்தே அவர்கள் பெருங்கவிஞர் ஆயினர். யாரிடம் கேட்டேன் என்று கூறுதல் அவர்களுக்குச் சிறுமையாகவில்லை. அதுவே தகுதிச் சான்றாயிற்று. சங்கிலியில் ஒரு பெயரை மறைத்தவனை, தன் கவியைப் பிறர் பெயரில் ஏற்றியவனை, அறிஞர் கண்டித்தனர். ஹம்மாது என்னும் பேர்பெற்ற ராவியே இக்குற்றச்சாட்டிற்குத் தப்பவில்லை.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, கூட்டுப்படைப்பு என்பது பெயர்களை நீக்குவதற்குக் காரணம் ஆகாது. கூட்டு எத்துணைப் பெரிதோ, சொல்லவேண்டிய பெயர்களும் அத்துணை மிகுதி. இசையமைத்தவர் பெயரும் பாடிய பெண்ணின் பெயரும் சொல்லப்படுவது எத்துணை முறையோ, சொல் தந்தவன் பெயர் சொல்லப்படுவதும் அத்துணை முறை. இரண்டு, இக்கடமை அறிவையும் கட்டும். அவர் ஒரு ராவி. அவருக்கு முன்னே ஒரு பாட்டி, அப்பாட்டிக்கு முன்னே பெயர் தெரியாத ஒப்பாரிக்காரிகள் பலர். அவர் இதை உணர்ந்தவர் என்பதற்கு 2024இல் வெளிவந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பின் தலைப்பே சான்று. தம்மை இன்னாரின் பேரன் என்று சொல்லித் தொடங்குவது சனதின் முதற்படி. புகழ்பெற்ற பின்னும் அப்படியிலிருந்து அவர் இறங்கவில்லை.

இப்பேச்சு நம் பகுதிக்குத் தொலைவானது என வாசகர் கருதவேண்டா. திருப்பூரில் ஒரு பனியன், துணி வெட்டுபவர், தைப்பவர், கைமடிப்பவர், செக்கிங் பார்ப்பவர் எனப் பலர் கை கடந்து கப்பலேறுகிறது. கழுத்தில் தைக்கும் லேபிளில் இருப்பதோ கடல் கடந்த கம்பெனியின் பெயர் ஒன்றே. துணியில் பழகிவிட்ட இவ்வழக்கம் பாட்டிலும் நுழையக் கண்டும் வாளாவிருத்தல் கூடுமா? ஆலைகளில் ஷிப்டு முடிந்து வரும் நம் பிள்ளைகளில் சிலர் கைப்பேசியில் தாளத்தை ஓடவிட்டு வரி கட்டுகின்றனர். அவர்களை ‘ஹராம்’, ‘வீண்’ என்னும் இரு சொற்களால் விரட்டுவது எளிது. எதுகையும் மாத்திரையும் கற்பித்து, அவர்களுடைய பாட்டிமார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடியவர் பெயரோடு எழுதிவைக்கச் சொல்வது கடினம், அதுவே பயன்தருவது.

அறிவின் பாடல்களுள் காலத்தை வென்று நிற்பவை எவை என்பதை அடுத்த தலைமுறை முடிவு செய்யும். முழக்கப் பாடல்கள் சில உதிரக்கூடும். பாட்டியின் வாய்மொழியைத் தாங்கி வந்தவை நிற்கும் என்பது நம் கணிப்பு. நிற்கும்போது அவை உரிய பெயர்களோடு நிற்கவேண்டும். அதற்குப் பாடுவோர் மட்டுமல்லர், கேட்போராகிய நாமும் பொறுப்பாளிகளே. இனி ஒரு பாடலைப் பிறரிடம் எடுத்துச் சொல்லும்போது, அதனை எழுதியவர் பெயரையும் சேர்த்தே சொல்வோமாக.