கேட்பதைக் குறைத்தால் குழந்தை தேறுமா?

செருப்பைப் போட்டுக்கொள் என்றால் ஏழு வயதுப் பையன் "என் கால் வேலை செய்யலை" என்கிறான். கொஞ்ச நேரத்தில் அதே காலோடு மாடிக்கு ஓடுகிறான். பல் தேய்க்க, சட்டை மாற்ற, சாப்பிட உட்கார என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஒரு சாக்கு, ஒரு பேரம், ஒரு கதை. விடாமல் அழுத்தினால் அலறல், கடி. ஆசையாகக் காத்திருந்த நீச்சலுக்குக்கூட, "கிளம்பு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வர மறுக்கிறான்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணியாற்றிய குழந்தை உளவியலாளர் எலிசபெத் நியூசன், 1980களில் இத்தகைய குழந்தைகளை ஆட்டிசத்தை ஒட்டிய தனி வகையாகப் பிரித்து 'பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' (கேட்பதை நோயளவுக்குத் தவிர்ப்பது) என்று பெயரிட்டார். 2003இல் அவரும் சக ஆய்வாளர்களும் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பி.டி.ஏ. என்ற சுருக்கப் பெயர் பிரிட்டனின் பெற்றோரிடமும் பள்ளிகளிலும் பரவியது. கூடவே ஒரு வளர்ப்பு முறையும் வந்தது: கேட்பதைக் குறை. மருந்து, சாலை, சீட் பெல்ட் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடு. நேராக ஏவாதே, "வெளியே மழை வரும்போல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுப்பதை அவனிடமே விடு. முடிந்தால் வேலையை விளையாட்டாக்கி, கேட்பதே தெரியாமல் கேள்.

இந்த முறையின் அருமை தெரிய, அதற்கு முன்னால் இருந்ததைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் உளவியலாளர் இவார் லோவாஸ், ஆட்டிசக் குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் தரும் பயிற்சியைப் பற்றிய தன் ஆய்வை 1987இல் வெளியிட்டார். அந்த மரபில், வேலையிலிருந்து தப்பிக்கவே குழந்தை முரண்டு பிடிக்கிறது; தப்பவிட்டால் முரண்டுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்; எனவே செய்துமுடிக்கும்வரை விடக்கூடாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை எதிலிருந்து தப்பப் பார்க்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. நட்சத்திர ஒட்டிகளும் தண்டனை நேரமும் இந்தக் குழந்தைகளிடம் பலிக்காததைப் பெற்றோர் தினமும் பார்த்தார்கள். மறுப்புக்குப் பின்னால் இருப்பது திமிரில்லை, பதற்றம் என்று யாரோ சொன்னதே அவர்களில் பலருக்குப் பெரிய ஆறுதல். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள்.

ஆறுதல் தருவது வேறு, சரியாக இருப்பது வேறு. டி.எஸ்.எம்.-5, ஐ.சி.டி.-11 ஆகிய இரண்டு நோய்ப் பட்டியல்களிலும் பி.டி.ஏ. இல்லை. 2018இல் ஜோனதன் கிரீனும் சகாக்களும் லான்செட் குழும இதழொன்றில், இவை அறிகுறிகள்தாம், தனி நோயாகச் சேர்க்க முடியாது என்று வாதிட்டார்கள். தானும் ஆட்டிச நிலையாளரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: சொன்னதைச் செய்ய மறுப்பதை நோய் என்பது யாருடைய பார்வை?

எனக்கு இதில் உறுத்துவது பெயரைவிட, பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுபோவதுதான். ஏன் மறுக்கிறான்? பி.டி.ஏ. இருப்பதால். பி.டி.ஏ. என்று எப்படித் தெரியும்? மறுப்பதால். இந்த வட்டத்துக்குள், பற்பசையின் புதினா அவன் நாக்கில் எரிகிறது என்பதை யார் கண்டுபிடிப்பது? மலச்சிக்கலால் சாப்பாட்டு மேசையே வெறுத்துப்போயிருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாததால் பள்ளிப் பையைப் பார்த்ததும் வயிறு கலங்கலாம். பொதுவாக எல்லாவற்றையும் குறைத்தால் வீட்டில் அமைதி வரும். காரணம் அப்படியே இருக்கும்.

கேட்பதை ஒளித்துவைக்கும் உத்திதான் இந்த முறையிலேயே பலவீனமான பகுதி. மற்ற ஆட்டிசக் குழந்தைகளைவிட இவர்கள் மனிதர்களை நன்றாக எடைபோடுகிறார்கள் என்று எழுதியவர் நியூசனே. அப்படி எடைபோடும் குழந்தையிடம், "சட்டை அரக்கனுக்குப் பசிக்குது" என்று அழுக்குச் சட்டையைக் கழற்ற வைக்கும் தந்திரம் எத்தனை நாள் செல்லும்? அது வெறும் விளையாட்டாக இருக்கும்வரை சரி. உள்நோக்கம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை விளையாட்டுக்கே வரமாட்டான். அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் ராஸ் கிரீன் 1998இல் எழுதிய நூலின் வழி எனக்கு இதைவிட நேர்மையாகப் படுகிறது: சிலவற்றை வெளிப்படையாக ஒதுக்கிவைப்பது, மீதியில் ஒன்றை எடுத்துக் குழந்தையோடு உட்கார்ந்து வழி தேடுவது.

இன்னும் கடினமான கேள்வி, விட்டுக்கொடுத்தவற்றை எப்போது திரும்பக் கேட்பது? பதற்றத்தைப் பற்றிய ஆய்வுகள் நேர் எதிர்த்திசையைக் காட்டுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் இலை லெபோவிட்ஸ், குழந்தையின் பயத்துக்காகப் பெற்றோர் வளைந்துகொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் பயிற்சி தருகிறார். பெற்றோருக்கு மட்டும் தரும் அந்தப் பயிற்சி, குழந்தைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்குக் குறையவில்லை என்று 2020இல் வந்த சோதனை காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் பதற்றக் கோளாறுள்ள குழந்தைகள். முடிவை ஆட்டிசக் குழந்தைமேல் அப்படியே ஏற்ற முடியாது. ஆனாலும் கேட்பதைக் குறைக்கச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் தரப்பில் இருப்பது பெரும்பாலும் பெற்றோரின் அனுபவம்.

இரண்டையும் மோதவிடாமல் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல் காதில் வலியாக இறங்கும் குழந்தைக்கு அதைப் பழக்கிக் காட்டுவது கொடுமை. அந்த எதிர்பார்ப்பைக் கைவிடுவதே நியாயம். அடுத்து என்ன நடக்குமோ என்ற அச்சத்தால் மறுக்கும் குழந்தைக்கு, முன்கூட்டித் தெரிவித்து, சிறிய படிகளாக, விலகிக்கொள்ளும் உரிமையோடு திரும்பக் கேட்கலாம். களைத்துச் சரிந்து மாதக்கணக்கில் அறையைவிட்டு வராத குழந்தையிடம் முதலில் எதையும் கேட்காமல் இருப்பதே வைத்தியம். மூன்றுக்கும் ஒரே அறிவுரை தருவதுதான் சிக்கல்.

செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த முறைக்கு ஒருவர் நாள் முழுதும் வீட்டில் இருந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்துப் பேச வேண்டும். அநேகமாக அது அம்மா. தம்பிக்கு இருக்கும் விதி அண்ணனுக்கு ஏன் இல்லை என்ற வழக்கைத் தீர்ப்பதும் அவர்தான். வீட்டில் எல்லாம் தளர்ந்திருக்க, இங்கிலாந்துப் பள்ளியோ சீருடை, மணி, வருகைப்பதிவு என்று இம்மியும் தளராமல் நிற்கும். பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி பெற்றோர்மேல் வழக்கும் அபராதமும் வரலாம். தன் எதிர்பார்ப்பில் எதைக் குறைக்க முடியும் என்று பள்ளி எழுதிக் கொடுக்காதவரை, வீட்டில் மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்வது பாதி யோசனைதான்.

ஃபாரோ தீவுகளில் 15 முதல் 24 வயதுவரையுள்ள ஆட்டிச நிலையாளர்கள் 50 பேரைப் பற்றிய ஆய்வு 2015இல் வந்தது. சிறுவயதில் இத்தகைய மறுப்பு இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்டவர்கள் 9 பேர். ஆய்வு நடந்தபோதும் முழு வரையறைக்குள் வந்தவர் ஒருவரே. வயதோடு இது தணியக்கூடும் என்று இதை வைத்து நம்ப இடமிருக்கிறது. மற்ற எட்டுப் பேர் வீட்டில் அதட்டல் கேட்டு வளர்ந்தார்களா, விட்டுக்கொடுப்பில் வளர்ந்தார்களா என்பதை இந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது.