கலயமும் கேனும்

புதுச்சேரியின் பாகூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காலை ஆறரை மணிக்கு நின்றிருந்தேன். மரத்திலிருந்து இறங்கியவர் கலயத்து நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு, ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இளநீர் வாசம், மெல்லிய இனிப்பு, நாக்கின் ஓரத்தில் ஒரு சுருக். அதே தோப்புக் கள்ளை அன்று மதியம் கடையிலும் குடித்துப் பார்த்தேன். மூன்று நான்கு பேர் இறக்கியதை ஒரே நீலக் கேனில் கொட்டியிருந்தார்கள். எது யாருடைய மரத்துக் கள், எப்போது இறக்கியது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. புளிப்பு ஒரு பக்கம், ஒட்டாத இனிப்பு ஒரு பக்கம்.

காலையில் குடித்ததன் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது! விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் பக்குவமாகத் தட்டி, சாறு ஊறத் தொடங்கிய பிறகுதான் நுனியைச் சீவுகிறார்கள். சீவல் வெற்றிலை கனத்தைத் தாண்டக் கூடாது. ஆழமாக அரிந்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், அரியாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சொட்டு நின்றுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால், கலயத்தில் தங்கியிருக்கும் ஈஸ்ட் மரத்து உச்சியிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் நான்கைந்து சதவீத ஆல்கஹால் ஏறும், மறுநாள் புளிக்கும், பிறகு காடி. திராட்சை ஒயின் செய்பவருக்குத் தவறைத் திருத்தப் பல மாதம் இருக்கிறது. மரமேறிக்கு ஒரு பகல்தான்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசு ஏலத்தில் எடுத்தவர்களால் நடத்தப்படுகின்றன. சாராயம் வருவது வில்லியனூர் ஆரியபாளையத்தில் உள்ள அரசு வடிசாலையிலிருந்து. மெயின் ரோட்டுக்கு வந்தால் ‘ஒயின்ஸ்’ கடைகளின் விளக்கு வெளிச்சம். அங்கே விற்பதில் பெரும்பகுதி பிராந்தி, விஸ்கி, ரம். அவற்றில் மலிவானவை அநேகமாகக் கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வடித்த ஆல்கஹாலில் வாசனையும் நிறமும் சேர்த்தவை. ஒரு பிராண்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் பாட்டிலுக்கும் பெயருக்கும் பெரிய பங்கு உண்டு. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு 1994ஆம் ஆண்டின் கேபிள் விதிகள் இடம் தருவதில்லை. அதனால் அந்தப் பெயர்கள் சோடாவாகவும் இசை சிடியாகவும் வீட்டுக்குள் வருகின்றன.

வெளியிலிருந்து வரும் மதுவுக்கு நம்மிடம் மதிப்பு கூடுதல் என்பது பழைய கதை. தொல்லியலாளர் வீலர் 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகும் பாண்டியனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார்.

ஆகவே கைத்திறன் உயர்ந்தது, விளம்பரம் பொய் என்று இங்கேயே முடித்துவிடலாமா? கூடாது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா 2000இல் முதல் ஒயினை விற்பனைக்கு விட்டபோது, ஒயின் குடிக்கும் பழக்கமே நாட்டில் சொற்பம். 2005இல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தார்கள், 2008இல் இசைவிழா தொடங்கினார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. குடிப்பவரைக் கொடி வரைக்கும் அழைத்துப் போனது அந்த விளம்பரம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நாராயண்காவ் இண்டேஜ், ஓமர் கய்யாம் என்ற பெயரில் 1980களிலேயே நுரை ஒயினை வெளிநாட்டுக்கு அனுப்பிய நிறுவனம். சரக்கும் பெயரும் இருந்தும், அளவு மீறி விரித்த தொழிலின் கடன் அதைச் சாய்த்தது.

கள்ளுக்காகப் பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘கள் ஒரு உணவு’ என்பது தமிழ்நாடு கள் இயக்கத்தின் நெடுநாள் முழக்கம். தடை நீங்க வேண்டும், பனையேறி பிழைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, நானும் அதன் பக்கம்தான். ஆனால் புளித்த கள்ளில் இருப்பது ஆல்கஹால். அதை மருந்தாகவும் சத்துணவாகவும் சொல்வது, சோடா பாட்டிலில் பிராந்திப் பெயரை ஒட்டுவதற்குச் சற்றும் குறைந்த மறைப்பு அல்ல. இறக்குபவரின் திறமையை அந்த முழக்கமும் சொல்வதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: சுவையில் கலயத்துக் கள் ஜெயிக்கிறது, சந்தையில் தோற்கிறது. தோற்பதற்குக் காரணம் பாட்டில்காரர்களின் பணம் மட்டும் இல்லை. நல்ல கையும் அலட்சியமான கையும் ஒரே கேனில் கலந்து ஒரே விலைக்குப் போகும்போது, நன்றாகச் சீவியவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் கிடையாது. கலப்படம் என்று பேச்சு வந்தாலோ பழி மட்டும் எல்லா மரமேறிகள் மேலும் விழுகிறது. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்குப் பெயர் தரும். கள்ளுக்கு அதற்கு முன்னால் ஆளுக்குப் பெயர் வேண்டும்.

கடைதோறும் ஒரு கரும்பலகை: தென்னையா பனையா, இறக்கிய நேரம், இறக்கியவர் பெயர். ஆளுக்கொரு சின்னக் கேன். கடைகளை ஏலம் விடும் கலால் துறை, அடுத்த ஏல நிபந்தனைகளிலேயே இதைச் சேர்க்கலாம்.