துருப்பிடிக்காத நிரல்: ஜோயல் ஸ்பால்ஸ்கியை இன்று வாசித்தல்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு கட்டுரை மரபு இருக்கிறது. இலக்கிய வாசகர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. அதில் நடுகல் மாதிரி நின்றுவிட்ட கட்டுரை ஒன்று, ஜோயல் ஸ்பால்ஸ்கி 2000 ஏப்ரலில் எழுதியது. 'ஒருபோதும் செய்யக்கூடாதவை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். ஆனால் கால் நூற்றாண்டாக, பழைய மென்பொருளை என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அதை எடுத்து நடுவில் வைத்துவிடுகிறார். "ஜோயலே சொல்லிட்டாரே" என்றால் அப்புறம் அங்கே விவாதம் கிடையாது.

எனக்குச் சிக்கல் அங்கேதான். நல்ல கட்டுரைகள் சீக்கிரமே பழமொழியாகிவிடுகின்றன. பழமொழியை யாரும் வாசிப்பதில்லை, சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அவர் சொல்வது இவ்வளவுதான். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் நான்காம் பதிப்பை 1997-இல் வெளியிட்டது. பிறகு பழைய நிரலை மூட்டைகட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதப் போனது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. 2000 நவம்பரில் ஆறாம் பதிப்பு வந்தபோது சந்தை மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் பதிப்பு இன்னும் வெள்ளோட்டத்தில் இருக்கும்போதே ஸ்பால்ஸ்கி தன் தீர்ப்பை எழுதிவிட்டார்: ஒரு நிறுவனம் செய்யக்கூடியதிலேயே மோசமான தவறு, நிரலை அடியோடு திருப்பி எழுதுவது.

ஏன் அப்படித் திருப்பி எழுதத் தோன்றுகிறது என்பதற்கு அவர் தரும் விளக்கம்தான் கட்டுரையின் உயிர். நிரலை எழுதுவதைவிட வாசிப்பது கடினம். அடுத்தவர் எழுதியது நமக்குப் புரியவில்லையென்றால், அது மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அசிங்கமாக முளைத்துக் கிடக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பிழைதிருத்தம். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கணினியில், ஏதோ ஒரு நாள் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை. நிரலைத் தூக்கி எறிந்தால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

இலக்கிய விமர்சனம் படித்த யாருக்கும் இது அந்நியமாகத் தெரியாது. புரியாத பிரதியை மோசமான பிரதி என்று தள்ளுகிற வாசகனை நாம் தினமும் சந்திக்கிறோம்.

அதே கட்டுரையில் இன்னொரு வாதமும் இருக்கிறது, போகிற போக்கில் சொன்னது மாதிரி. கொல்லையில் நிற்கும் பழைய கார் துருப்பிடிக்கும், நிரல் துருப்பிடிக்காது. ஆகவே பழையது என்பதாலேயே ஒரு நிரல் கெட்டுப்போவதில்லை. பழைய வலைச் செயலி ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் நான் இருந்த காலத்தில் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றேன். அவர் சொல்வது சரிதான். ஆனால் என் கண்ணெதிரே இருந்தது துருப்பிடித்திருந்தது. எப்படி?

அந்தச் செயலி 2014 வாக்கில் எழுதப்பட்டது. ஓர் அலுவலகத்தில் தினமும் நூற்றுக்கணக்கான படிவங்களைப் பதிவுசெய்யப் பயன்பட்டது. தேதியைத் தேர்ந்தெடுக்கும் குட்டி நாட்காட்டி, கீழே விரியும் பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி இவற்றையெல்லாம் யாரும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் லைப்ரரிகளை எடுத்துக்கொள்வார்கள். இதில் மூன்று இருந்தன: ஆங்குலர்ஜேஎஸ், ஜேக்வெரி யூஐ, பூட்ஸ்ட்ராப் 3. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான செயலிகளில் இருந்த அதே கூட்டணி.

ஆங்குலர்ஜேஎஸ் கூகுளிலிருந்து வந்தது. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் அதன் குழுவினர் இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பேசினார்கள். பழையதில் அடிப்படையாக இருந்த பல கருத்துகள் புதியதில் இருக்காது என்றார்கள். 2016 செப்டம்பரில் வந்த 'ஆங்குலர்' பெயரளவில்தான் அடுத்த பதிப்பு, உள்ளே அது வேறொரு மொழி. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் கூகுள் அடைக்காது.

அந்த டிசம்பர் இரவில் எங்கள் செயலியில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் ஜனவரி 1 அன்று அது ஆபத்தான செயலி. இரும்பு அதேதான், காற்றில்தான் உப்பு ஏறிவிட்டது. ஸ்பால்ஸ்கி எழுதிய காலத்தில் ஒரு மென்பொருள் பெரும்பாலும் சொந்தக் காலில் நின்றது. இன்றைய வலைச் செயலி அடுத்தவர் பட்டாவில் கட்டிய வீடு. இதை அவர் 2000-இல் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இன்று அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பார்த்தாக வேண்டும்.

சரி, லைப்ரரியின் புதிய பதிப்பை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாதா? 2020 ஏப்ரலில் வந்த ஜேக்வெரி 3.5 ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. அதற்காக ஒரு பழைய சலுகையை விலக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை, முடிவுக் குறி போடாமல் சுருக்கமாக எழுதிய பெட்டிகளை ஜேக்வெரியே ஒழுங்காக மூடிக் கொடுக்கும். இனி மூடாது. விளைவு, பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் போய்விடும். ஓட்டையை அடைக்காவிட்டால் திருடன் வருவான், அடைத்தால் சுவர் சாயும்.

*

இங்கே ஸ்பால்ஸ்கியின் முதல் வாதத்துக்குத் திரும்பலாம். அசிங்கமான வரிகள் எல்லாம் அறிவுதானா?

எங்கள் நிரலில் ஃபாஸ்ட்கிளிக் என்றொரு சின்ன லைப்ரரி இருந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. "அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால், ஒரு காலத்தில் கைபேசி உலாவிகள் விரல் பட்டதும் சுமார் 300 மில்லிவினாடி காத்திருக்கும். இரண்டாம் முறையும் தட்டிப் பெரிதாக்கப் போகிறாரோ என்று பார்க்கத்தான். அந்தத் தாமதத்தைப் போக்க வந்தது ஃபாஸ்ட்கிளிக். கைபேசிக்கு ஏற்ற பக்கங்களில் அந்தக் காத்திருப்பை குரோம் 2014-இலேயே கைவிட்டது. மற்றவையும் பின்னால் வந்தன. நோய் போய்விட்டது, மருந்தை மட்டும் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தோம்.

தேதிக் கட்டம் இதற்கு நேர் எதிர். ஜேக்வெரி யூஐயின் நாட்காட்டியில் தேதி வடிவத்தைச் சின்ன எழுத்துகளில் 'டிடி, எம்எம், ஒய்ஒய்' என்று எழுதுவார்கள். அங்கே இரண்டு 'ஒய்' என்றால் நான்கு இலக்க ஆண்டு. புதிய ஆங்குலரில் அதே இரண்டு 'ஒய்' இரண்டு இலக்க ஆண்டாகிவிடும். அதைவிட மோசம், அங்கே மாதத்தைக் குறித்த சின்ன 'எம்எம்' இங்கே நிமிடத்தைக் குறிக்கும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் காலை 10 மணி 7 நிமிடத்துக்குப் பதிவான படிவம் ஜூலை மாதத்துக்குப் போய்விடும். நிமிடம் 12-க்கு மேல் இருந்தால் கண்ணில் படும். 12-க்குள் இருந்தால் அது சரியான தேதி மாதிரியே உட்கார்ந்திருக்கும். ஒலி ஒன்று, பொருள் வேறு என்கிற சொற்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பார்கள்! அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

ஒரு வரி செத்த நோய்க்கான மருந்து, இன்னொரு வரி உயிர் நாடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும். ஸ்பால்ஸ்கி எல்லாவற்றையும் அறிவு என்கிறார். திருப்பி எழுதலாம் என்கிறவர் எல்லாவற்றையும் குப்பை என்கிறார். உட்கார்ந்து வாசித்துத் தரம் பிரிக்கும் வேலையை இரண்டு தரப்புமே தாண்டிப் போய்விடுகிறது.

*

இடைவழி ஒன்றை மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் ஒரு சிறு குறிப்பில் சொன்னார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் காடுகளில் பார்த்த அத்தி இன மரங்களிலிருந்து அவருக்கு அந்த உருவகம் கிடைத்தது. விதை இன்னொரு மரத்தின் உச்சியில் விழும். வேர்கள் கீழிறங்கி மண்ணைத் தொடும். கடைசியில் தாங்கிய மரம் செத்துப்போகும். பனையைக் கட்டிப்பிடித்து வளரும் ஆலமரத்தைப் பார்த்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய மென்பொருளையும் இப்படித்தான் மாற்ற வேண்டும் என்றார் ஃபௌலர்: ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காமல், சுற்றிலும் புதியதை வளர்த்து.

அழகான யோசனை. சர்வர் பக்கத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தி, இந்தக் கோரிக்கை பழைய வீட்டுக்கு, அந்தக் கோரிக்கை புது வீட்டுக்கு என்று பிரித்து அனுப்பிவிடலாம். இடைமுகத்தில் இருப்பது ஒரே திண்ணை. பழைய ஆங்குலரும் புதியதும் ஒரே பக்கத்தில் ஓடுவதற்கான வசதியை கூகுளே கொடுத்தது. ஆனால் பயன்படுத்துகிறவரின் கணினி இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பூட்ஸ்ட்ராப் 3-உம் 5-உம் பொத்தானுக்கு ஒரே பெயர்தான் வைத்திருக்கின்றன, உடை மட்டும் வேறு. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் பொத்தான் யார் பேச்சைக் கேட்கும்? போதாததற்கு, பாதி வேலையில் பணம் நின்றுபோவதும் இந்தத் தொழிலில் வழக்கம்தான். அப்போது பனையும் சாகாது, ஆலும் வளராது. அடுத்து வருகிறவர் இரண்டு மொழிகளையும் கற்றுக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும்.

ஆனாலும் இரண்டு கட்டுரைகள் மீதும் என் பெரிய குறை வேறு. ஸ்பால்ஸ்கி பேசுவது நிறுவனத்திடம். ஃபௌலர் பேசுவது வடிவமைப்பாளரிடம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டிலும் வாயே திறப்பதில்லை.

புதிய திரைகளின் முதல் தொகுதியைக் காட்டியபோது அந்த அலுவலகத்தின் பதிவுப் பிரிவில் பல வருஷமாக வேலை செய்யும் ஓர் அம்மா சொன்னார்: "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா கை போக மாட்டேங்குது." அவர் திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை. கண் காகிதத்தில், கை விசைப்பலகையில். பழைய பட்டியலில் 'எம்' தட்டினால் மதுரைக்குப் போகும், அப்புறம் டேப், அப்புறம் நான்கு இலக்கம், மறுபடி டேப். புதிய லைப்ரரியின் பட்டியல் உலாவியின் இயல்பான பட்டியல் இல்லை. பட்டியல் மாதிரி வேஷம் போட்ட பெட்டி. எழுத்தைத் தட்டினால் அசையாது, மவுஸைத் தேட வேண்டும்.

அந்த விரல்களின் பழக்கம் எந்த நிரலிலும் எழுதப்படவில்லை. ஸ்பால்ஸ்கி காப்பாற்றச் சொன்ன அறிவில் பாதி இந்தப் பக்கம், மனித உடம்பில் இருக்கிறது. நிரலின் ஒவ்வொரு வரியையும் காப்பாற்றி இதைத் தொலைத்துவிட்டால் நாம் எதையும் காப்பாற்றவில்லை. பட்டியல்களைத் திரும்ப உலாவியின் இயல்பான பட்டியலாகவே வைத்தோம். பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. அவர் கை போனது.

*

உலாவியின் இயல்பான பொருள்களுக்கு ஏன் ஆயுள் அதிகம்? 2018-இல் நடந்த ஒரு கூத்து இதற்குப் பதில் சொல்லும். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களைத் தட்டையாக்கும் ஒரு வசதியைத் தானாகவே சேர்த்து 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைத்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே அந்தப் பெயரில் ஒரு வசதி கொண்டுவர நினைத்தபோது, மூடூல்ஸை நம்பியிருந்த தளம் உடைவது தெரியவந்தது. 'ஸ்மூஷ்' என்று மாற்றிவிடலாம் என ஒருவர் விளையாட்டாகச் சொல்ல, பெரிய ரகளை. பழைய தளங்கள் உடைந்தால் உடையட்டுமே என்றார்கள் பலர். கடைசியில் மொழிக்குழு பெயரை 'ஃபிளாட்' என்று மாற்றிக்கொண்டது. யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பக்கங்கள் தொடர்ந்து திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு மொழியே தன் சொல்லை விட்டுக்கொடுத்தது.

வலையின் அடித்தளத்துக்கு இந்த நாகரிகம் இருக்கிறது. 90-களின் தொடக்கத்தில் எழுதிய பக்கத்தை இன்றைய உலாவி திறக்கிறது. இந்த வாக்குறுதியை லைப்ரரிகள் தருவதில்லை. தர வேண்டும் என்று அவற்றைச் சும்மா எடுத்துக்கொண்ட நாம் கேட்கவும் முடியாது. எதன்மேல் கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்டலாம், அவ்வளவுதான்.

ஸ்பால்ஸ்கியின் உதாரணத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. நெட்ஸ்கேப் திருப்பி எழுதத் தொடங்கிய அந்த நிரலின் வழியில்தான் 2004-இல் ஃபயர்பாக்ஸ் பிறந்தது. நிறுவனம் அழிந்தது, பிரதி பிழைத்தது. ஆகவே திருப்பி எழுதுவது பாவமும் இல்லை, பழையதை வைத்துக்கொள்வது புண்ணியமும் இல்லை.

இதை நான் இங்கே எழுதக் காரணம், இதைப் படிப்பவர்களில் பலர் பகலில் இந்த வேலையைத்தான் செய்கிறீர்கள் என்பது. சென்னையின் ஐடி அலுவலகங்களில் 'சப்போர்ட் ப்ராஜெக்ட்' என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். ஊரில் கேட்டால் "சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்பார்கள். செய்வதென்னவோ அடுத்தவர் எழுதியதை வாசிப்பது. புதிதாக எழுதுகிறவருக்குத்தான் மரியாதை. ஸ்பால்ஸ்கியின் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், எழுதக்கூடாது என்கிற கட்டளையை விட்டுவிட்டு, வாசிப்பது கடினம் என்கிற அந்த ஒப்புதலை எடுத்துக்கொள்வேன். கடினம் என்றால் அதற்கு நாள் ஒதுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், வாசித்தவரின் பெயரும் எங்காவது இருக்க வேண்டும். நான் பார்த்த எந்தத் திட்ட அட்டவணையிலும் வாசிப்புக்கென்று ஒரு வரிசை இருந்ததில்லை.